கொடிமலைப் பழங்காட்டை நடந்து பார்க்க எந்த வழி? மூன் கேட்டா, தார் ரோடா?

பிறைப்பயணி:

பினாங்கு கொடிமலையில் பழங்காட்டையும் காட்டுப்பூக்களையும் பார்க்க வேண்டும். ரயிலில் ஏறி, மேலே நாலு படம் எடுத்து, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு இறங்குகிற கணக்கு இல்லை. ஒரு நாள் முழுக்க இருக்கிறது. இரண்டு பேர் நன்றாக நடப்பார்கள். கூட ஒரு பன்னிரண்டு வயதுப் பையனும் முழங்கால் வலி உள்ள அம்மாவும். எந்த வழி, எந்த மாதம்? பழைய காடு எங்கே தொடங்குகிறது என்று எப்படி அடையாளம் காண்பது?

ஜெலுத்தோங் நடையன்:

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்காவை நோக்கிப் போனால், பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் வட்டமான வாசல் வைத்த பழைய சுவர் ஒன்று நிற்கும். அதுதான் மூன் கேட். அங்கிருந்து மண் தடம், வேர், படி, மறுபடியும் வேர். பாதி மலையில் 84 என்கிற இளைப்பாறும் இடத்தில் தார் ரோட்டோடு சேரும். நிதானமாக நடந்தால் அதுவரை ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் உச்சிவரை தார் ரோடுதான்.

இன்னொரு வழி, பூங்கா வாசல் பக்கத்திலிருந்தே தொடங்கும் தார் ரோடு. ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த 5 கிலோமீட்டரில் 650 மீட்டர் உயரம் ஏறுகிறோம், அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் நடைக்கும் 13 மீட்டர் ஏற்றம், சமதளம் என்று சொல்ல ஓரிடமும் கிடையாது. இரண்டரை, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு என் ஓட்டு மூன் கேட்டுக்குத்தான். தார் ரோட்டில் நடந்தால் காட்டை வெளியிலிருந்துதான் பார்ப்பீர்கள்.

செடிகொடி:

ஜெலுத்தோங் அண்ணே சொல்வதில் பாதிக்கு மறுப்பு உண்டு. மூன் கேட் தடத்தின் கீழ்ப்பகுதி பழங்காடு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சரிவுகளை வெட்டி மிளகும் சாதிக்காயும் கிராம்பும் போட்டார்கள். 1860 வாக்கில் நோய் வந்து சாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. கைவிட்ட தோட்டங்களில் சில காடாகத் திரும்பின, சில டுரியான் தோப்பாயின. ஆக, நிழலாக இருக்கிறது, மரம் நிற்கிறது என்பதால் அது பழங்காடு ஆகிவிடாது.

நடக்கும்போது மூன்று செடிகளைக் கவனியுங்கள். குடை அளவு இலையோடு, மெல்லிய வெளிர் தண்டோடு நிற்பது மாஹாங். சிலவகை மாஹாங்கின் தண்டு உள்ளே கூடு, எறும்பு குடியிருக்கும், தட்டினால் வெளியே வரும். வெட்டவெளி கிடைத்ததும் முதலில் முளைப்பது இதுதான். இரண்டாவது ரெசாம், கவட்டை கவட்டையாகப் பிரிந்து ஆளுயரத்துக்குப் பின்னிக்கொள்ளும் பெரணி. மூன்றாவது பெர்தாம், அடித்தண்டில்லாமல் தரையிலிருந்தே முள்ளோடு கிளம்பும் பனை. மாஹாங்கும் ரெசாமும் மண்டிய இடம் வெட்டுப்பட்டது, எரிந்தது அல்லது சரிந்தது. பெர்தாமை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நல்ல காட்டின் முகடுகளிலும் அது வரும்.

பழங்காட்டில் தரை இருட்டு. புதர் குறைவு, நடமாட இடம் இருக்கும். தொடை அளவு கொடிகள் உச்சிவரை ஏறியிருக்கும். எல்லா வயதிலும் மரம் இருக்கும்: விரல் அளவுக் கன்று, கை அளவு, இடுப்பளவு, மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாதது. நடுநடுவே விழுந்து மக்கிக் கிடக்கும் பெரிய மரங்களும் கிடக்கும். ஒரே அளவு மரங்களாகவே நின்றால் அவை ஒரே சமயத்தில் முளைத்தவை என்று பொருள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கொடிமலையின் நல்ல காடு மேலே, உச்சிக்கு மேற்குப் பக்கம் இருக்கிறது. கீழே இல்லை.

பிறைப்பயணி:

அப்படியானால் "130 மில்லியன் ஆண்டுப் பழமையான காடு" என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அது?

செடிகொடி:

அந்த எண் இந்த வகைக் காட்டின் வம்சத்தைப் பற்றியது. நீங்கள் தொடும் மரத்தைப் பற்றியது இல்லை. ஒரு மரத்தின் வயதையே இங்கே சொல்வது கடினம். குளிர்காலம் இல்லாத ஊரில் மரத்துக்கு ஆண்டுக்கொரு தெளிவான வளையம் விழாது, வெட்டி எண்ணினாலும் கணக்கு உதைக்கும். பருமனும் ஏமாற்றும். வெளிச்சம் கிடைத்த மரம் ஐம்பது வருடத்தில் பருத்துவிடும், நிழலில் நின்றது அதே காலத்தில் விறகுக்கட்டை அளவில்தான் நிற்கும்.

கெப்போங்வாசி:

இதற்கு நல்ல சாட்சி கேஎல், அதாவது கோலாலம்பூர் பக்கம் இருக்கிறது. கெப்போங்கில் இருக்கும் வன ஆய்வுக்கழகத்தை, அதான் ஃப்ரிம், பார்த்தவர்கள் பலர் அதைக் கன்னிக்காடு என்றே நினைக்கிறார்கள். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களில் நட்டு வளர்த்த காடு அது. கப்போர் மரங்களின் தலைகள் ஒன்றை ஒன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் அந்தப் பிரபலமான படம் அங்கே எடுத்ததுதான். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும், பாழ்நிலத்தை மனிதர்கள் காடாக்கிக் காட்டினார்கள் என்பதற்காக. மரங்களுக்கு நூறு வயதுதான், ஆனால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

நேர்மாறாக, கேஎல் கோபுரத்தின் அடியில் இருக்கும் புக்கிட் நானாஸ் 1906இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. வெறும் 9 ஹெக்டர் சொச்சம். சிறியது, சுற்றிலும் ரோடு. இருந்தாலும் அது இயற்கைக் காட்டின் மிச்சம்.

ஜெலுத்தோங் நடையன்:

சரி செடிகொடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன் கேட்டின் மேல்பாதியில், 84க்குக் கீழே, பள்ளத்தாக்குப் பக்கம் நல்ல மரங்கள் உண்டு. அதையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

பறவைக்கண்:

தார் ரோட்டை இவ்வளவு மட்டமாகப் பேசுவது நியாயமா? காட்டின் உள்ளே பறவை 30 மீட்டர் உயரத்தில் இருக்கும், கழுத்தை உடைத்துக்கொண்டு இலையைத்தான் பார்ப்பீர்கள். தார் ரோடு சரிவை வெட்டிப் போட்டது. ரோட்டின் பள்ளப் பக்கம் நின்றால் கீழே வேரூன்றிய மரத்தின் தலை உங்கள் கண்மட்டத்துக்கு வரும். லோத்தோங் குரங்குக் கூட்டம் இலை தின்பதை எதிரே நின்று பார்க்கலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம், குட்டி இருந்தால் தவறவே விடமாட்டீர்கள். கறுப்பு மலையணில், வாலில் இரண்டு துடுப்பு தொங்கும் கரிச்சான் எல்லாம் அந்த ஓரத்தில்தான். அத்தி பழுத்த மரம் ஒன்றைக் கண்டால் அங்கேயே அரைமணி நேரம் நில்லுங்கள், நடந்து தேடுவதைவிட அதிகம் கிடைக்கும்.

காலை 7.30லிருந்து 9.30 வரைதான் நேரம். பதினொரு மணிக்கு மேல் சிள்வண்டுச் சத்தம் மட்டும்தான்.

செடிகொடி:

பூ விஷயத்திலும் பறவைக்கண் சொல்வதே சரி. இங்கிலாந்து மாதிரிப் பூக்கள் விரிந்த புல்வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம். அங்கே நூற்றாண்டுக் கணக்காகப் புல்லை அறுத்தும் ஆடுமாடு மேய்த்தும் மரம் வளரவிடாமல் வைத்ததால் புல்வெளி நிலைத்தது. இங்கே நிலத்தை இரண்டு வருடம் சும்மா விட்டால் ரெசாமும் புதரும் மூடிவிடும். நம் மலையில் தரைப்பூவெல்லாம் விளிம்பில்: ரோட்டோரம், பழைய மண்சரிவு, முகட்டின் வெளிச்சமான மொட்டை இடம். பழங்காட்டின் பூ கூரையில் இருக்கிறது, நம் கண்ணுக்கு எட்டாது.

ரோட்டோரத்தில் கட்டாயம் நின்று பார்க்க வேண்டியது செண்டுடோக். ஊதாப் பூ, எல்லாரும் களை என்று தாண்டிப் போவார்கள். கிட்டப்போய்ப் பாருங்கள், அதற்கு இரண்டு வகைக் கேசரம். மஞ்சளாக நேராக நிற்பது ஐந்து, ஊதாவாக வளைந்து நீண்டிருப்பது ஐந்து. பெரிய கருவண்டு மஞ்சளைப் பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைத் தின்னும். அந்த நேரத்தில் ஊதாக் கேசரம் சத்தமில்லாமல் வண்டின் முதுகுப்பக்கம் மகரந்தத்தைப் பூசி அனுப்பும். பூ ஒரே நாள்தான் தாங்கும், மதியத்துக்கு மேல் வாடியதைத்தான் பார்ப்பீர்கள்.

மூங்கில் மாதிரித் தண்டோடு ரோட்டு வெட்டுகளில் நிற்பது மூங்கில் ஆர்க்கிட். முகட்டில் ரெசாமுக்கு நடுவே விசிறி விரித்த மாதிரிப் பெரிய பெரணி தெரிந்தால் அது டிப்டெரிஸ். அந்த மாதிரிச் சத்தில்லாத மண்ணில்தான் பெரியோக் கெரா, குடுவைச்செடி, கொடிபோல ஏறும். கொடிமலையில் அதிகம் தெரியும் வகைக்கு வாய்க்குக் கீழே வெள்ளைப் பட்டை இருக்கும். அந்தப் பட்டை கறையானுக்கு வைத்த தீனி. அதைக் கடிக்கக் கூட்டமாக வரும் கறையான்கள் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் உள்ளே விழும். பட்டை தேய்ந்துபோன குடுவையைக் கண்டால் விருந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். விரலை விட்டுக் கலக்காதீர்கள், செரிமான நீர் கொட்டினால் அந்தக் குடுவைக்குப் பட்டினிதான்.

பெரிய மரங்களின் பூ எப்போது என்று யாராவது கேட்பீர்கள். செராயா, மெராந்தி வகையெல்லாம் ஆண்டுதோறும் பூக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாத இடைவெளியில், நீண்ட வறட்சியோ தொடர்ந்த குளிர் இரவுகளோ வந்தபின் காடே சேர்ந்து பூக்கும். அந்த வருடம் அமைந்தால் தடத்தில் சிறகு வைத்த காய்கள் சுழன்று விழுந்து கிடக்கும். செராயாவுக்கு மூன்று நீளச் சிறகு, இரண்டு குட்டைச் சிறகு. எடுத்துப்போய் வைத்திருந்து நடலாம் என்று நினைக்காதீர்கள், இந்த விதை தூங்காது. சில நாளில் முளைக்கும், இல்லையென்றால் அழுகும்.

செராயாவை ஜார்ஜ்டவுனில் இருந்தே அடையாளம் காணலாம். முகட்டு வரிசையில் சாம்பல் பூசிய மாதிரி வெளிறித் தெரியும் தலைகள் அவைதான். அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் சார்லஸ் கர்ட்டிஸ், 1884இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவின் முதல் கண்காணிப்பாளர்.

பிறைப்பயணி:

அருமை. ஸ்லிப்பர் ஆர்க்கிட்டும் இங்கே உண்டு என்று படித்தேன். எந்த இடத்தில்?

செடிகொடி:

மன்னிக்கவும், அதை மட்டும் கேட்காதீர்கள். இடத்தைப் பொதுவில் எழுதினால் அடுத்த வாரம் அங்கே குழிதான் இருக்கும். யாரும் ஜிபிஎஸ் புள்ளி போடாதீர்கள், படம் போட்டால் இடக்குறிப்பை நீக்கிப் போடுங்கள்.

பாயான்_லெப்பாஸ்:

குரங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. லோத்தோங் தொந்தரவு தராது. தொல்லை கெரா, நீளவால் குரங்கு, பூங்கா வாசலிலிருந்தே காத்திருக்கும். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டால் சோறு என்று அதற்குத் தெரியும். கையில் பை வேண்டாம், எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப்பை மூடி. கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதன் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு. பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பிடுங்கினால் விட்டுவிடு, இழுக்காதே. கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

பாம்பு: கோயில் பாம்பு என்று நாம் சொல்லும் பச்சை விரியன் நாள்கணக்கில் அசையாமல் ஒரே கிளையில் இருக்கும். அதனால் மூன் கேட் தடத்தில் ஏறும்போது பார்க்காமல் மரத்தையோ கொடியையோ பற்றாதீர்கள். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 999.

ஜெலுத்தோங் நடையன்:

செருப்பு, தண்ணீர் பற்றி. மண் தடத்துக்குக் கம்போங் அடிடாஸ், அந்தக் கறுப்பு ரப்பர் காலணி, விலையுயர்ந்த பூட்ஸை விடப் பிடிக்கும், ஈரம் ஏறாது, கழுவினால் முடிந்தது. ஆனால் அதையே போட்டுக்கொண்டு தார் ரோட்டில் 5 கிலோமீட்டர் இறங்கினால் கால் விரல் நுனி முன்னால் இடித்து இடித்து நகம் கறுக்கும். அடிப்பகுதி மெல்லியது, முட்டிக்கும் தாங்கல் இல்லை. மூன் கேட்டில் ஏறித் தாரில் இறங்குவதாக இருந்தால் சாதாரண நடைக்காலணி, தடித்த காலுறை. முந்தின நாளே நகம் வெட்டிக்கொள்ளுங்கள்.

வழுக்குவது எங்கே என்றால், சேற்றில் அல்ல. இந்த மலை கருங்கல் மலை. கல் மக்கி உதிர்ந்த பருமணல் கெட்டித் தரைமேல் கிடக்கும், காய்ந்த நாளில்கூட அது மிளகைக் கொட்டி அதன்மேல் நடக்கிற மாதிரிதான். இறங்கும்போது சிற்றடி வையுங்கள், குதிகாலை ஊன்றாதீர்கள். தார் ரோட்டில் நிழல் விழும் வளைவுகளில் பாசி பிடித்திருக்கும், நடுப்பகுதியில் நடப்பது மேல். ஆனால் வண்டி வரும். மலையில் குடியிருப்பவர்களும் சரக்குக் கொண்டு போகிறவர்களும் நாலுசக்கர வண்டியில் வருவார்கள், ஆகவே காதில் இயர்போன் வேண்டாம்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். 84இல் தொண்டர்கள் தேநீர் வைத்திருக்கும் நாளும் உண்டு, ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். டுரியான் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தோப்பை ஒட்டிய இடங்களில் மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறக் கூடாது. கீழே கிடப்பதை எடுப்பதும் கூடாது, அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

பறவைக்கண்:

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: வண்டி. பூங்காவில் காரை நிறுத்திவிட்டு ஏறுவார்கள். மேலே போனதும் கால் ஓய்ந்துவிடும், ரயிலில் இறங்கலாம் என்பார்கள். ரயில் இறக்கிவிடுவது ஆயர் ஈத்தாம் பக்கம், மலையின் வேறொரு அடிவாரம். கார் பூங்காவில் நிற்கும். ஆகவே காரை விட்டுவிட்டு வாருங்கள். ரேபிட் பினாங்கு 10ஆம் எண் பேருந்து பூங்காவுக்கு வரும், கீழ் ரயில் நிலையத்திலிருந்து 204 ஜார்ஜ்டவுன் கொம்தாருக்குப் போகும். ரயிலுக்கு மைகார்டு, அதான் அடையாள அட்டை, மறக்காதீர்கள், உள்ளூர்க்காரர் கட்டணம் தனி.

ரயில் பராமரிப்புக்காக நிற்கும் நாள்கள் உண்டு. கிளம்புமுன் அன்றைக்கு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓடாவிட்டால் நடந்துதான் இறங்க வேண்டும். ஏழரை மணி வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்னாலேயே. பகல் நடை என்றாலும் ஒரு டார்ச் பையில் இருக்கட்டும்.

பாயான்_லெப்பாஸ்:

மாதம்? வறண்டது ஜனவரி, பிப்ரவரி. அதிக மழை செப்டம்பர், அக்டோபர், நவம்பர் தொடக்கம் வரையும் இழுக்கும். 2017 நவம்பர் பெருமழையில் தீவு முழுக்க வெள்ளம், மலையிலும் சரிவுகள். மக்கிய கருங்கல் மண் தண்ணீர் குடித்துக் கனத்தால் மரத்தோடு சேர்ந்து இறங்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெய்திருந்தால், அன்று வெயில் அடித்தாலும் போகாதீர்கள். ரோட்டில் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஓடை, இதில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிட வேண்டும். காற்றடித்து ஓய்ந்த மறுநாளும் பெரிய மரத்தடியில் நிற்காதீர்கள், முறிந்து மாட்டிக்கொண்டிருக்கும் கிளை பிறகுதான் விழும்.

இன்னொன்று. காப்புக்காடு என்று பலகை இருக்கும் இடத்தில் வனத்துறை அனுமதி தேவைப்படலாம். தடத்தை விட்டு விலகிக் கிளைத்தடங்களில் போக நினைத்தால் முன்கூட்டியே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிகொடி:

அம்மாவுக்கு: அவர்களை நடக்கவைக்க வேண்டாம், இறங்குவதுதான் முட்டிக்கு எமன். ரயிலில் ஏற்றிவிடுங்கள். மேலே ஹேபிடட் என்ற இடம், 2016இல் திறந்தது, நுழைவுக்கட்டணம் உண்டு. 1.6 கிலோமீட்டர் நடைபாதை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. பழங்காட்டின் விளிம்பை ஒட்டிப் போகிறது. மரத்தலை உயரத்தில் தொங்குபாலமும் இருக்கிறது, அம்மாவுக்குத் தலைசுற்றல் இருந்தால் அதை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் நடக்கலாம். நேர்மையாகச் சொன்னால், அரைநாளில் நல்ல காட்டைப் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன் கேட்டைவிட இதுவே மேல். வியர்வை சிந்தினால்தான் காடு என்று எண்ணும் கூட்டம் ஒன்று உண்டு, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஜெலுத்தோங் நடையன்:

கோபித்துக்கொண்டேன். 😀

பிறைப்பயணி:

அப்படியானால் திட்டம் இது: மூன்று பேர் 7 மணிக்குத் தார் ரோட்டில் ஏறுகிறோம், அம்மா ஒன்பதரைக்கு ரயிலில். மேலே சேர்ந்து ஹேபிடட், பிறகு எல்லாரும் ரயிலில் இறக்கம். ஜனவரி கடைசி வாரம்.

பாயான்_லெப்பாஸ்:

தைப்பூசம் எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தேர் வரும் நாள், பூச நாள், தேர் திரும்பும் நாள், மூன்று நாளும் தண்ணீர்மலை ரோட்டில் வண்டி நுழையாது, பேருந்தும் வழி மாறும். அந்த வாரம் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

பறவைக்கண்:

அம்மாவை மேல் ரயில் நிலையத்தில் காத்திருக்கச் சொல்லாதீர்கள், சனி ஞாயிறு என்றால் நிற்க இடமிருக்காது. அருளொளித் திருமுருகன் கோயிலுக்கு வரச் சொல்லுங்கள், நிழலும் உட்கார இடமும் உண்டு. பையன் ஏறும் வேகத்தில் பத்தரை ஆகிவிடும்.